குடும்பத் தலைவரின் கணக்கு நோட்டு

அதிகம் பேசாமல் வீட்டைத் தாங்கிய தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத் தந்தையரின் வாழ்க்கையை அறிய, அவர்கள் இரவுதோறும் எழுதிவந்த வரவு செலவு நோட்டைவிட நம்பத்தக்க சான்று அரிது. நாட்குறிப்பு எழுதுபவர் தம்மை அழகுபடுத்திக்கொள்ளலாம், மளிகைப் பாக்கியை எழுதுபவருக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கும். பழைய நோட்டுகளில் ரூபாயைக் குறிக்க ௹ என்ற குறியும், முன்வரியில் சொன்னதையே சுட்டும் ‘மேற்படி’க்கு ௸ என்ற குறியும் வரும். 1957 ஏப்ரலில் நயா பைசா நடைமுறைக்கு வரும்வரை, 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்ற வாய்பாட்டில் மனக்கணக்காகவே கூட்டி, கூட்டல் உதைத்தால் மறந்துபோன செலவு நினைவுக்கு வரும்வரை நோட்டை மூடாதவர்கள் அவர்கள்.

இந்நோட்டுகளில் மிகுதியும் பேசுவது ‘கைமாற்று’ என்னும் பதிவே; பத்திரமும் வட்டியும் இன்றி மாதக் கடைசியில் வாங்கும் அச்சிறு கடன், சம்பள நாளன்று திருப்பப்பட்டதும் குறுக்குக்கோடு பெறும். பள்ளிச் சம்பளம், தங்கைக்குச் சீர், தாயாருக்குத் தைலம் என நீளும் பக்கங்களில் எழுதியவருக்கென்று காணப்படுவது சவரக்கூலியும் பொடிமட்டையும்தான்; பொடிமட்டையைச் ‘சில்லறைச் செலவு’க்குள் ஒளித்தவர்களும் உண்டு.