நீதிபதியின் பசியும் வழக்குப் பட்டியலும்

தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலை கேட்கும் கைதிகளின் மனுக்களை இஸ்ரேலில் 8 நீதிபதிகள் எப்படித் தீர்த்தார்கள் என்று ஷாய் டான்சிகரும் சகாக்களும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். மொத்தம் 1,112 முடிவுகள். அமர்வின் தொடக்கத்தில் வந்த மனுக்களில் ஏறத்தாழ 65 சதவீதம் ஏற்கப்பட்டன. நேரம் ஆக ஆக அந்த விகிதம் இறங்கி, இடைவேளை நெருங்கும்போது பூஜ்யத்தைத் தொட்டுவிடும் நிலைக்கு வந்தது. சாப்பிட்டுத் திரும்பியதும் மீண்டும் 65. பசியா, களைப்பா எது காரணம் என்று ஆய்வாளர்களே அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் ‘பசித்த நீதிபதி’ என்ற பெயரில் அந்த ஆய்வு உலகம் சுற்றி வந்துவிட்டது.

சட்டத்தை உளவியலோடும் பொருளியலோடும் சேர்த்துப் படிக்கும் முறையின் வலிமையையும் பலவீனத்தையும் காட்ட இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. நீதிபதியின் தீர்ப்பில் சட்டமும் சாட்சியும் மட்டுமே பேசுகின்றன என்ற பழைய நம்பிக்கையை அது அசைத்தது. அந்த நம்பிக்கை அசைய வேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டு கெரென் வைன்ஷால்-மார்கெல், ஜான் ஷாபர்ட் இருவரும் எழுதிய சிறு மறுப்பு வேறோர் இடத்தைச் சுட்டியது. மனுக்கள் குலுக்கிப் போட்ட வரிசையில் வருவதில்லை. ஒரு சிறையின் வழக்குகளை முடித்துவிட்டு இடைவேளைக்கு எழுவது அங்கே வழக்கம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் கடைசியில் வரும். வழக்கறிஞர் இல்லாதவருக்கு விடுதலை கிடைப்பது எந்த நேரத்திலும் அரிது. அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தாலும் தங்கள் முடிவு நிற்கிறது என்று டான்சிகர் குழு பதில் சொன்னது. பிறகு 2016இல் ஆண்ட்ரியாஸ் குளோக்னர் இன்னொரு விளக்கம் தந்தார். மனுவை ஏற்கும் முடிவுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. மணியைப் பார்த்து, நீளும் வழக்கை இடைவேளைக்கு அப்பால் தள்ளிவைத்தாலே போதும், வரைபடம் இப்படிச் சரிந்து தெரியும்.

உளவியலாளர்கள் கவனிக்காமல் விட்டது நீதிமன்ற ஊழியர் எவருக்கும் தெரிந்த விஷயம். வழக்குப் பட்டியலை யார் தயாரிக்கிறார், யாருடைய பெயர் எப்போது அழைக்கப்படும் என்பது குமாஸ்தாவுக்கும் இளம் வழக்கறிஞருக்கும் அன்றாட அறிவு. பிற துறைகள் சட்டத்துக்கு வெளிச்சம் கொண்டுவருகின்றன என்றே எப்போதும் சொல்கிறோம். நீதிமன்றத்தின் நடைமுறை அறிவு அந்தத் துறைகளைத் திருத்தும் என்பதை யாரும் பாடத்திட்டத்தில் எழுதுவதில்லை. இந்தப் படிப்பின் பெருங்குறையாக நான் காண்பது இந்த ஒருவழிப் போக்கைத்தான்.

ஜெர்மனியில் நடந்து 2006இல் வெளியான பகடைச் சோதனைக்கும் இந்தக் குறை பொருந்தும். 3 அல்லது 9 மட்டுமே விழும்படி செய்யப்பட்ட பகடைகளைச் சட்டம் பயின்றவர்கள் உருட்டினார்கள். பின்பு ஒரு கடைத் திருட்டு வழக்கைப் படித்துத் தண்டனை சொன்னார்கள். 3 விழுந்தவர்கள் சராசரியாக 5 மாதத்துக்குச் சற்று மேலும், 9 விழுந்தவர்கள் 8 மாதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் சொன்னார்கள். கவலைப்பட வேண்டிய முடிவுதான். ஆனால் அந்த வழக்கு காகிதத்தில் மட்டும் இருந்தது. குற்றவாளிக் கூண்டில் யாரும் நிற்கவில்லை, காரணம் எழுத வேண்டியதில்லை, மேல்முறையீடும் கிடையாது.

சாட்சிகளின் நினைவு பற்றிய ஆராய்ச்சியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் ஒரு கார் விபத்துப் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்று 50 பேரிடமும், இடித்துக்கொண்டபோது என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. முதல் குழுவில் 16 பேரும் இரண்டாவதில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. இத்தகைய சோதனைகள் பல நாடுகளில் பல விதமாகத் திரும்பச் செய்யப்பட்டன. மரபணுச் சோதனையால் விடுதலையான அமெரிக்கக் கைதிகள் பலர் பிழையான அடையாளம் காட்டலால் சிறை சென்றவர்கள். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2011இல் ஹெண்டர்சன் வழக்கில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்து, அடையாளச் சாட்சியத்தை மதிப்பிடும் விதிகளையே மாற்றியது. ஒரு தனி ஆய்வை நம்பி அந்த நீதிமன்றம் நகரவில்லை என்பது முக்கியம்.

இந்தியாவுக்கு இந்த ஆராய்ச்சிகளை அப்படியே எடுத்துவர முடியாது. அமெரிக்க ஆய்வுகளில் பெரும்பகுதி ஜூரிகளைப் பற்றியது. இங்கே 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை முற்றாகப் போய்விட்டது, நீதிபதி காரணம் எழுதித் தீர்ப்பளிக்கிறார். அறிவியல் என்ற பெயரைக் கேட்டதும் தலையாட்டிய அனுபவமும் நமக்கு உண்டு. 2008இல் புனே நீதிமன்றம் மூளைப் பதிவுச் சோதனையையும் ஓர் ஆதாரமாகக் கொண்டு ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சம்மதமின்றி அத்தகைய சோதனைகள் செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2010இல்தான்.

நம்மிடம் உள்ள நல்ல வழக்கத்தையும் பார்க்க வேண்டும். அடையாள அணிவகுப்பைக் காவலர்கள் இல்லாமல் பெரும்பாலும் நீதித்துறை நடுவர் நடத்துகிறார். காவல்துறை மீதான அவநம்பிக்கையில் பிறந்த விதி, சாட்சிக்குக் குறிப்புக் கொடுக்கும் வாய்ப்பையும் குறைத்துவிட்டது. ஆனால் வரிசையில் சந்தேக நபர் யார் என்பது அந்த நடுவருக்குத் தெரியும். நடத்துபவருக்கே அது தெரியக்கூடாது என்பது சாட்சி ஆராய்ச்சியின் உறுதியான பரிந்துரைகளில் ஒன்று. ஏற்பாடு செய்பவர் ஒருவர், சாட்சியோடு நிற்பவர் இன்னொருவர் என்று வேலையைப் பிரித்தால் அது இங்கேயும் நடக்கும்.