டைட்டேனியத் தூளும் அரைகுறைச் சோதனையும்

தோட்டத்தை விட்டு வந்த கெடா குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு இன்று கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காதான் பிழைப்பு. சிரிம் நிறுவனத்தின் உயர்நிலைப் பொருள் ஆய்வு மையமான அம்ரெக் அங்கேதான் இருக்கிறது. மாநில எல்லை தாண்டினால் நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். இவ்வட்டார இளைஞர்கள் நாளை கையில் எடுக்கக்கூடிய ஒரு செய்முறையை எடைபோட்டுப் பார்ப்பது தகும்.

டைட்டேனியம் 1668 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிவிட்டால் தன்னைத் தாங்கும் மூசையையே அரிக்கும். தூளாக எடுத்துச் செராமிக் தூளோடு கலந்து, அச்சில் அழுத்தி, வெற்றிட உலையில் 1300 டிகிரி அளவில் சுட்டால் உருக்காமலே இறுகிவிடுகிறது. செராமிக்காக டைட்டேனியம் டைபோரைடு சேர்த்தால் இன்னும் நேர்த்தி. சுடும்போதே அது உலோகத்தோடு வினைபுரிந்து டைட்டேனியம் போரைடு ஊசிகளாக வளரும். ஊசியின் வெப்ப விரிவு டைட்டேனியத்தினுடையதை ஒட்டியே இருப்பதால் ஆறும்போது இரண்டுக்கும் இடையே பெரிய இழுபறி இல்லை. 1998இல் டோயோட்டா தன் அல்டேஸா காருக்கு இந்த வழியில் எஞ்சின் வால்வு செய்தது. செய்முறை நல்லது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

என் குறையெல்லாம் சோதனையைப் பற்றியது. விக்கர்ஸ் கடினத்தன்மை ஏறியதும் செராமிக் வேலை செய்துவிட்டது என்று முடிவுகட்டும் ஆய்வுகள் உலகெங்கும் ஏராளம். சூட்டில் டைட்டேனியம் ஆக்சிஜனை உறிஞ்சும். ஆக்சிஜன் புகுந்தாலே உலோகம் கெட்டிப்படும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். தூய டைட்டேனியத்தின் முதல் தரத்தில் ஆக்சிஜன் வரம்பு 0.18 விழுக்காடு, நான்காம் தரத்தில் 0.40. பெரும்பாலும் அந்தச் சிறு வேறுபாடுதான் நான்காம் தரத்தை அவ்வளவு வலுவாக்குகிறது. கலப்பதற்காக ஆலையில் அரைக்க அரைக்கத் தூளின் புறப்பரப்பு கூடி, ஆபத்தும் கூடுகிறது. செராமிக் சேர்க்காத தூளையும் அதே ஆலையில் அதே நேரம் அரைத்து, அதே உலையில் சுட்டு ஒப்பிடாவிட்டால், ஏறிய எண்ணுக்குக் காரணம் எது என்று சொல்ல வழியில்லை.

அச்சிலிருந்து வருவது காசளவு வில்லை. காற்றிலும் நீரிலும் எடைபோட்டு அடர்த்தி பார்க்கிறார்கள். முழு அடர்த்தியில் 97 விழுக்காடு என்றால் மிச்சம் மூன்றும் துளை. துளை எங்கே இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. செராமிக் துகள்கள் திரண்ட இடத்தில்தான் அது கூடுகிறது. இழுக்கும்போது விரிசல் அங்கே தொடங்குகிறது. அழுத்திச் சோதித்தாலோ துளை மூடிக்கொள்ளும், எண்ணும் அழகாக வரும்.

வில்லையை இழுத்துச் சோதிக்க முடியாது. பெரிய அச்சு வேண்டும், விலை உயர்ந்த தூளும் கூடுதலாக வேண்டும். ஆய்வு செய்யும் மாணவரின் இந்த நெருக்கடி நியாயமானது. ஆனால் ஆக்சிஜனை அளக்க நூறு மில்லிகிராம் துண்டு போதும். அந்த எண் இல்லாமல் வரும் வலிமைக் கணக்கை நான் ஏற்பதில்லை.