மலையில் இருப்பவன் யார்? கொல்லிமலைப் பாடல்களும் தமிழ் வெகுசனத் திரையும்

ஆய்வுச் சுருக்கம்

கொல்லிமலையில் இசைக்குழு ஒன்று ஓரியைச் சந்திப்பதைப் புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறுகிறது. அப்பாடலில் மலைத் தலைவன் பாட்டைக் கேட்பவனாகவும் மதிப்பவனாகவும் பரிசளிப்பவனாகவும் நிற்கிறான். தமிழ் வெகுசனத் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் மலையைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்துள்ளன. ஆயினும் அவற்றில் மலையில் வாழ்பவர் பெரும்பாலும் பார்க்கப்படும் பொருளாகவே அமைகின்றனர். மலைக்கள்ளன் (1954), மர்மதேசம் தொடர், பேராண்மை (2009), விடுதலை (2023) ஆகியவற்றைக் கொல்லிமலைப் பாடல்களோடு ஒப்பிட்டு இம்மாற்றத்தின் தன்மையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, வல்வில் ஓரி, கொல்லிப்பாவை, மலைக்கள்ளன், பேராண்மை, விடுதலை, மலையாளிப் பழங்குடியினர்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு எனப் பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயர்கள் இன்றும் ஊராட்சிப் பெயர்களாக வழங்குகின்றன. மிளகும் பலாவும் சாமையும் விளையும் இம்மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடியினர் ஆவர். தமிழ்த் திரைப்படமும் தொலைக்காட்சியும் எந்த மொழியில் பேசுகின்றனவோ அதே மொழியில் அவர்களும் பேசுகின்றனர். ஆகவே சமவெளியினரைப் போலவே அவர்களும் அக்கலைகளின் நுகர்வோரே.

எனினும், மலைவாழ் மக்களைப் பற்றிய திரைப்பட விமர்சனங்கள் அவர்கள் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றனர் என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஒரு கலைப்படைப்பு யாரை நோக்கிப் பேசுகிறது என்பது அதே அளவு முதன்மையான வினா. இவ்வினாவைத் தெளிவாக எழுப்புவதற்குக் கொல்லிமலை ஏற்ற களமாகும். கலைஞர் மலையேறிச் சென்று மலையில் இருப்பவனுக்குப் பாடிய காட்சியைப் பதிவுசெய்த பழம்பாடல் அம்மலைக்கு உரியது.

புறநானூறு காட்டும் இசைக்குழு

வன்பரணர் பாடிய புறம் 152 ஒரு வேட்டைக் காட்சியோடு தொடங்குகிறது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. இதைக் கண்ட இசைக்குழுவின் தலைவனுக்கு எய்தவன் யார் என்ற ஐயம் எழுகிறது. கூலிக்குக் கொல்லும் வேடனாக அவன் தோன்றவில்லை. மார்பில் ஆரம் கிடக்கிறது. செல்வன் போல இருக்கிறான். அவன் ஓரியாக இருப்பானோ, அல்லனோ என்று தலைவன் தனக்குள் கேட்டுக்கொள்கிறான்.

இந்த ஐயத்தைத் தீர்க்க அவன் கையாளும் வழி பாட்டு. விறலியரை நோக்கி, தான் ஒரு வண்ணம் பாடப்போவதாகக் கூறி, ஒவ்வொரு கருவியையும் ஆயத்தப்படுத்தச் சொல்கிறான். முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஆகிய கருவிகள் முறையே சொல்லப்படுகின்றன. ஒரு குழுவின் இசை எவ்வாறு கட்டமைக்கப்பட்டது என்பதை இத்துணை நுணுக்கமாகக் கூறும் சங்கப் பாடல்கள் மிகச் சிலவே. இருபத்தொரு துறைகளையும் முறைப்படி பாடி முடித்து, இறுதியில் தலைவனைக் குறிக்கும் சொல்லைச் சொல்லும்போது, எதிரில் நின்ற வேட்டுவன் நாணுகிறான். அந்த நாணமே அவனை ஓரி என்று காட்டிக்கொடுக்கிறது. பின்னர் வேட்டையில் கிடைத்த இறைச்சியும் தேறலும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் வழங்குகிறான்.

இப்பாடலை வள்ளன்மைக்குச் சான்றாக மட்டும் கொள்ளும் வழக்கம் உண்டு. ஆனால் இதன் அமைப்பில் வேறொன்றும் இருக்கிறது. மலையில் நிற்பவன் யார் என்பதை அறிய வந்தவர்கள், அவனைக் கேள்வி கேட்கவில்லை. அவன் முன் பாடுகின்றனர். அவன் கேட்கிறான், கேட்டதற்கு அவன் உடல் மறுமொழி தருகிறது. கேட்பவனின் முகத்தில் நிகழும் மாற்றமே பாடலின் உச்சம். புறம் 153இலும் இதே உறவு தொடர்கிறது. ஓரி தந்த உணவின் மிகுதியால் கலைஞர்கள் தம் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என்று அப்பாடல் முடிகிறது. இரண்டிலும் கலைக்கு எதிர்முனையில் மலையில் இருப்பவன் நிற்கிறான்.

ஓரியின் முடிவு வேறு. முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியை அகநானூற்றின் 209ஆம் பாடல் தருகிறது. எனவே சங்கப் பாடல்களையும் மலைக்கு முற்றிலும் நட்பான ஓர் உலகின் ஆவணமாகக் கொள்ள இயலாது. மலையைக் கைப்பற்றிய கதையையும் அவையே கூறுகின்றன. ஆனால் அவை மலைத் தலைவனைக் கேட்பவனாக ஏற்றுக்கொண்ட பின்னரே அதைக் கூறுகின்றன.

பாவையிலிருந்து மர்மத்திற்கு

கொல்லிமலையின் மற்றோர் அடையாளம் கொல்லிப்பாவை. நற்றிணை 185, 192, 201, குறுந்தொகை 89, 100 முதலிய பாடல்களில் தலைவியின் அழகுக்கு இப்பாவை உவமையாகிறது. நற்றிணை 192 பலா மிகுந்த கொல்லியின் மேற்குச் சாரலையும், 185 காந்தளையும் தேனையும் உடன் கூறுகின்றன. 185ஆம் பாடலில் கொலை பற்றிய சொல்லும் வருகிறது. ஆனால் அங்குக் கொல்ல எண்ணுபவளாகச் சொல்லப்படுபவள் தலைவி. அது காதலனின் புலம்பல். காண்போரைச் சிரித்துக் கொல்லும் பாவை என்னும் பிற்கால வழக்கு, உவமையின் சாயலை நேர்ப்பொருளாக மாற்றிக்கொண்டது. காதல்நோயின் உருவகமாக இருந்தது அச்சம் தரும் உருவமாயிற்று.

இவ்வழக்கோடு சித்தர் மரபு பற்றிய நம்பிக்கைகளும் சேர்ந்து, மூலிகை, குகை, மாந்திரீகம் ஆகியவற்றின் இடமாகக் கொல்லிமலை வெகுசன மனத்தில் நிலைபெற்றது. இத்தகைய மனப்பதிவுக்குத் தொலைக்காட்சி வலுவான வடிவம் தந்தது. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த மர்மதேசம் தொடரின் 'ரகசியம்' பகுதி, இரவில் நுழைய அஞ்சும் கோயிலையும் நவபாடாண லிங்கத்தையும் சித்த மருத்துவத்தையும் இணைத்துத் தமிழ் வீடுகளில் பெரும் வரவேற்பைப் பெற்றது. அது கொல்லிமலைக் கதையன்று. திறமான கதைப்பின்னலும் ஒளிப்பதிவும் கொண்ட தொடர். ஆனால் அது நிறுவிய முறை பரவலாகப் பின்பற்றப்பட்டது. தொலைவிலுள்ள ஓரிடத்தில் ஒரு புதிர் இருக்கும். நகரத்திலிருந்து செல்பவர் அதை அவிழ்ப்பார். இம்முறை மலைக்குப் பொருத்தப்படும்போது அங்கு வாழ்பவர் புதிரின் காவலராகவோ எச்சரிக்கை செய்பவராகவோ சுருங்கிவிடுகின்றனர். சாமை விதைப்பவருக்கும் மிளகு பறிப்பவருக்கும் அதில் இடம் இருப்பதில்லை.

மலைக்கள்ளன்: இரண்டாவது ஐயம்

கொல்லிமலையைக் கண்ணெதிரே கொண்ட நாமக்கல் வட்டாரம் தமிழ்த் திரைக்கு ஒரு பெருங்கதையைத் தந்தது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் மலைக்கள்ளன் நாவல், 1954இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தால் திரைப்படமாயிற்று. எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்ற இப்படம் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் எடுக்கப்பட்டது.

இப்படத்தின் மையத்திலும் புறம் 152இல் உள்ள அதே வினாவே இருக்கிறது: மலையில் இருப்பவன் யார்? செல்வரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் மலைக்கள்ளன், அப்துல் ரகீம் என்னும் வணிகனாகவும் உலவுகிறான். இறுதியில் அவன் பூங்கோதையின் அத்தை மகனாகிய, காணாமற்போன குமாரவீரன் என்று தெரியவருகிறது. புறப்பாடலில் ஐயம் தீரும்போது எதிரில் நிற்பவன் கொல்லியின் ஓரி ஆகிறான். அவனுடைய பெயர் மலையோடு பிணைகிறது. திரைப்படத்தில் ஐயம் தீரும்போது கள்ளன் சமவெளிக் குடும்பத்தின் பிள்ளை ஆகிறான். அவனுடைய பெயர் மலையிலிருந்து அவிழ்கிறது. மலை அவனுக்கு மறைவிடமாகப் பயன்பட்டது. மறைவு நீங்கியதும் அதன் பணி முடிகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மலையாளி மக்களின் தோற்றக் கதைகளே, அவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்று கூறுகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இது பதிவாகியுள்ளது. எனில், மலையில் இருப்பவன் சமவெளியிலிருந்து வந்தவன் என்பதில் என்ன பிழை? பிறப்பிடம் இங்குச் சிக்கலன்று. தோற்றக் கதையில் வந்தவர்கள் மலையில் தங்குகின்றனர், உழுகின்றனர், மலையின் பெயரைத் தம் பெயராக ஏற்கின்றனர். திரைப்படத்தின் மலைக்கு அவ்வாறு தங்கி வாழ்பவர் தேவைப்படவில்லை. அதன் மலை ஐந்து பிற மொழிகளுக்குள் எளிதாகப் பெயர்ந்ததற்கும் இதுவே காரணம் எனலாம். குறிப்பிட்ட மலைக்கே உரிய பயிரோ பேச்சோ அதில் இன்றியமையாததாக இல்லை.

ஏழைக்குக் கொடுக்கும் தலைவன் என்னும் எம்.ஜி.ஆரின் திரைப்படிமத்தை வலுப்படுத்திய படங்களுள் இதுவும் ஒன்று. ஓரியின் கொடையும் இக்கொடையும் மேலோட்டமாக ஒத்தவை. ஓரி தன் மலையில் விளைந்ததைத் தன்னை நாடி வந்த கலைஞர்க்குக் கொடுக்கிறான். மலைக்கள்ளன் சமவெளியில் எடுத்ததைச் சமவெளியினர்க்கே கொடுக்கிறான். கொடுப்பதற்கு மலையில் ஏதும் உண்டு என்ற எண்ணம் கதையில் எழுவதில்லை.

பேராண்மையும் விடுதலையும்

எஸ்.பி. ஜனநாதனின் பேராண்மை இந்நிலையிலிருந்து தெளிவாக விலகுகிறது. போரிஸ் வசீலியெவின் சோவியத் குறுநாவலைத் தழுவிய இப்படத்தில் ஜெயம் ரவி ஏற்ற துருவன், பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த வனத்துறை ஊழியன். ஐந்து மாணவியரோடு காட்டுக்குள் சென்று, செயற்கைக்கோள் ஏவூர்தியை அழிக்க வந்த அயல்நாட்டுக் கூலிப்படையை முறியடிக்கிறான். மலையைப் பற்றிய அறிவு இங்கு நாட்டைக் காக்கும் அறிவாகிறது. ஆனால் பாராட்டு, அவனைச் சாதியின் பெயரால் இழிவுசெய்த மேலதிகாரிக்குப் போய்ச் சேர்கிறது. செய்தவன் யார் என்பது பார்வையாளருக்குத் தெரியும். அரங்கில் பதக்கம் வழங்குவோருக்குத் தெரியாது. மலையவனின் பெயர் எவ்வாறு நீக்கப்படுகிறது என்பதையே கதைமுடிவாக்கியதில் இப்படத்தின் நேர்மை இருக்கிறது. ஆயினும், அவனுடைய தகுதி தேசத்துக்கு அவன் பயன்பட்டதன் வழியாகவே நிறுவப்படுகிறது.

வெற்றிமாறனின் விடுதலை முதற்பாகம் இன்னும் சிக்கலானது. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட இப்படம், மலைக் கிராமங்களில் முகாமிட்ட காவற்படையில் ஓட்டுநராகச் சேரும் குமரேசனைப் பின்தொடர்கிறது. காயமுற்ற மலைப் பெண்ணொருத்தியைக் காவல்துறை வண்டியில் ஏற்றிச் செல்வதால் அவன் தண்டனைக்கு உள்ளாகிறான். மலைப் பெண்கள் காவல்நிலையத்தில் வதைக்கப்படும் காட்சிகள் வாச்சாத்தியை நினைவூட்டுவதாக விமர்சகர் பலர் எழுதினர்.

வாச்சாத்தி தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது. 1992 சூனில் அங்குத் தாக்கப்பட்டவர்களும் கொல்லிமலையில் வாழும் அதே மலையாளிச் சமூகத்தினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த அவ்வழக்கைத் தாங்கியது பெண்களின் சாட்சியம். அவர்கள் பேசினர், நீதிமன்றம் கேட்டது. விடுதலையில் வன்முறையின் கொடுமை மறைக்கப்படவில்லை. தமிழ் வெகுசனத் திரையில் அதற்கு இணையான காட்சிகள் அரிது. எனினும் கதை குமரேசன் தன் தாய்க்கு எழுதும் கடிதத்தின் குரலில் செல்கிறது. மலையில் நிகழ்ந்ததைச் சமவெளியின் மகன் சமவெளியின் தாய்க்குச் சொல்கிறான். அப்பெண்களின் துன்பம் அவனுடைய மனச்சான்று விழிப்பதற்குரிய நிகழ்வாகிறது. வழக்குமன்றத்தில் கதைசொல்லியாக நின்றவர்கள் திரையில் கதைக்குப் பொருளாகின்றனர்.

இக்குறையை இயக்குநரின் அக்கறையின்மை என்று கொள்வது பொருந்தாது. பெருந்தொகை முதலிட்டு எடுக்கப்படும் படம், சமவெளிப் பார்வையாளர் எளிதில் இணைந்துகொள்ளும் ஒரு கண்ணைத் தேடுகிறது. அந்தக் கண் காவலருடையதாக இருந்ததாலேயே அதிகாரத்தின் உட்புறத்தை இப்படத்தால் காட்ட முடிந்தது. பெற்ற பயனும் கொடுத்த விலையும் ஒரே தேர்விலிருந்து வந்தவை.

முடிவுரை

மலைக்கள்ளனிலிருந்து விடுதலை வரையிலான ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் தமிழ்த் திரையின் மலை பெரிதும் மாறியுள்ளது. மறைவிடமாக இருந்த மலை அநீதியின் களமாகக் காணப்படுகிறது. மலைவாழ் மனிதர் கதைத்தலைவராகவும் ஆகியுள்ளனர். மாறாதிருப்பது கதையின் திசை. அது சமவெளியிலிருந்து ஏறி, கண்டதை எடுத்துக்கொண்டு சமவெளிக்கே திரும்புகிறது.

ஆண்டுதோறும் ஆடிப்பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையின் செம்மேட்டில் தமிழ்நாடு அரசு வல்வில் ஓரி விழாவை நடத்துகிறது. ஓரிக்குச் சிலையுள்ள அவ்வூரில் வில்வித்தைப் போட்டியும் கலைநிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன. கலைஞர் மலையேறிச் சென்று மலையிலிருப்போர் முன் பாடும் பழைய திசை, சுற்றுலா வருவோரின் கூட்டத்துக்கிடையிலேனும் அங்கு மீள்கிறது. திரைப்படமும் தொலைக்காட்சியும் அத்திசையை இன்னும் பழகிக்கொள்ளவில்லை. மலையாளிப் பெண் ஒருத்தி கதைசொல்லியாக அமையும் படத்தை மட்டும் இவ்வாய்வு வேண்டவில்லை. எந்தப் படமாயினும், கொல்லிமலையின் வீடொன்றில் அமர்ந்து அதைப் பார்ப்பவரையும் தன் பார்வையாளராக எண்ணி எடுக்கப்பட்டதா என்பது விமர்சனத்தின் அளவுகோல்களுள் ஒன்றாக வேண்டும். வன்பரணரின் இசைக்குழு எதிரில் நின்றவன் யார் என்று அறியாதபோதும் முழுமையாகப் பாடியது. பாடிய பின் அவன் முகத்தைப் பார்த்தது.