கையறுநிலை: ஓர் உளவியற் கருத்தும் ஊவாத் தோட்டங்களும்

உளவியலைப் பாடமாகப் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் அறிந்துகொள்ளும் கருத்துக்களுள் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்பதும் ஒன்றாகும். பாடநூலை விட்டு வெளியேறிப் பொதுப்பேச்சினுள் மிக எளிதாகப் புகுந்துவிட்ட கருத்தும் இதுவே எனலாம். ‘தோட்டத்து மக்கள் முன்னேற முயலமாட்டார்கள், அடங்கிக் கிடப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது’ என்ற பழைய வசை, இக்கருத்தின் துணையோடு இன்று விஞ்ஞான உடை தரித்து வருகின்றது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் உரைகல்லாகக் கொண்டு அக்கருத்தின் தகுதியை ஈண்டு நோக்குவோம்.

1967ஆம் ஆண்டில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் நாய்களைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனையே இக்கருத்தின் ஊற்றுக்கண் ஆகும். ஒரு தொகுதி நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. மற்றொரு தொகுதி அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றது. ஆயின், அது எதைச் செய்தும் அதிர்ச்சி நிற்கவில்லை. பின்னர், தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையில் இரு தொகுதிகளும் விடப்பட்டன. முதல் தொகுதி தாண்டியது; இரண்டாம் தொகுதியிற் பெரும்பாலானவை தாண்டாது படுத்துவிட்டன.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இரு தொகுதிகளுக்கும் இயல்பில் வேறுபாடில்லை. அவை வைக்கப்பட்ட ஏற்பாட்டிலேயே வேறுபாடு இருந்தது. மின்விசை பரிசோதகர் கையில் இருந்தது. இக்கருத்தைப் பொதுப்பேச்சிற் கையாள்வோரோ பரிசோதகரை மறந்துவிட்டுப் படுத்துக்கிடக்கும் நாயை மட்டுமே காண்கின்றனர். ஒருவரது நடத்தைக்குச் சூழ்நிலையை விடுத்து அவர்தம் குணத்தையே காரணமாக்கும் இப்போக்கினை லீ றொஸ் என்பார் 1977இல் ‘அடிப்படைக் காரணங்கற்பித்தல் வழு’ எனப் பெயரிட்டார். பாடநூலில் சில அதிகாரங்கள் தள்ளி இடம்பெறும் இக்கருத்து, முன்னைய கருத்துக்குத் திருத்தமாக அமைவதை நம்மில் எத்தனைபேர் கவனித்திருக்கின்றோம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்த செய்தி வெளிவந்ததும், ‘ஏன் அவர்கள் வெளியேறவில்லை?’ என்ற வினா எழுந்தது. வினாவிலேயே தீர்ப்பும் அடங்கியிருந்தது. லயமும் அது நின்ற நிலமும் அங்கு வாழ்ந்தோருக்குச் சொந்தமல்ல. வெளியேறிச் சென்று குடியிருக்க மாற்று நிலம் வழங்கப்படவுமில்லை. தாண்டுவதற்குத் தடுப்பின் மறுபுறம் தரையே இல்லாதவிடத்துத் தாண்டாமையை மனநோய் எனக் கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

இவர்தம் இயல்பே கையறுநிலை எனின், 1940ஆம் ஆண்டு மே மாதத்தை எங்ஙனம் விளக்குவது? பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தமக்கெனச் சபையொன்றைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தே கருமமாற்றத் துரையும் இணங்கவேண்டியதாயிற்று. இதன்பின் நிகழ்ந்தவை யாவை? 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் உடன்படிக்கையில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. அவர்களைக் கேட்டு இவை செய்யப்படவில்லை. மின்விசை யார் கையிலிருந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இக்கருத்தைத் தந்தோரே பின்னர் அதனைத் திருத்தினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப்போதல் கற்றுக்கொள்ளப்படுவதன்று, அது உயிரினத்தின் இயல்பான முதல் எதிர்வினை. தன் செயலாற் சூழலை மாற்ற முடியும் என்பதே கற்றுக்கொள்ளப்படுகின்றது என மையரும் செலிக்மனும் 2016இல் எழுதினர். இத்திருத்தம் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு மிகவும் பயன்படும். கையுயர்த்தாத பிள்ளையை ‘மந்தம்’ எனக் குறிப்பதை விட்டு, கையுயர்த்தியதால் அப்பிள்ளையின் வாழ்வில் இதுவரை எது மாறியது என அவர் வினவலாம். நீண்டகால ஒடுக்குமுறை உள்ளத்தில் தழும்பு விடாது என நாம் வாதிடவில்லை. தழும்பைக் காட்டிக் காயப்படுத்தியவரை மறைப்பதையே மறுக்கின்றோம்.

கையறுநிலை என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. அது புறத்திணைத் துறைகளுள் ஒன்று. தந்தையையும் தம் குன்றையும் இழந்த பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடல் அத்துறையில் அமைந்ததாகும். அப்பாடலைக் கற்ற எவரும் அம்மகளிரின் மனக்குறையே அவர்தம் துயருக்குக் காரணம் எனக் கூறார். குன்றைக் கொண்டவர் யார் என்றே கேட்பர். உளவியல் பயிலும் தமிழ் மாணவரும் மலையகத்தை நோக்குமிடத்து அதே வினாவை எழுப்புவாராயின், கடன்பெற்ற கருத்தொன்றை நமதாக்கிக் கொண்டவராவர்.