இரும்பைத் தூக்கினால் எடை குறையுமா?

நான்கு வருடம் எங்கள் சமையலறை மேடையில் ஒரு சின்ன தராசு இருந்தது. சோற்றை அதில் நிறுத்துத்தான் தட்டில் போடுவேன். 150 கிராம், அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. விடிகாலையில் பூங்காவில் எட்டுச் சுற்று, மாலையில் டிரெட்மில். முதல் வருடம் ஒன்பது கிலோ இறங்கியது. அடுத்த மூன்று வருடங்களில், அதே சோறு, அதே நடை, ஆறு கிலோ திரும்பி வந்தது. அதைவிட என்னை உலுக்கியது வேறு: பத்து கிலோ அரிசிப் பையோடு படியேறினால், முதல் மாடியிலேயே இறக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. அமெரிக்காவின் ‘தி பிகெஸ்ட் லூசர்’ தொலைக்காட்சிப் போட்டியில் மளமளவென்று எடை குறைத்த 14 பேரை, ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் குழுவினர் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குப் போன எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியோ, இருக்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. பட்டினி போட்ட உடம்பு சிக்கனத்தைக் கற்றுக்கொள்கிறது. குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தச் சலிப்பில்தான் பலரும் பார்பெல் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். வந்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை, பாதி ஆர்வக்கோளாறு. “தசை வளர்ந்தால் தூங்கும்போதுகூட கொழுப்பு எரியும்” என்று ஜிம்மில் சொல்வதை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தசை ஓய்வில் செலவழிப்பது நாளுக்கு ஏறத்தாழ 13 கலோரி. ஒரு வருடம் உயிரைக் கொடுத்து மூன்று கிலோ தசை சேர்த்தாலும் கூடுதல் செலவு 40 கலோரிதான். மிஞ்சிப்போனால் ஒரு இட்லி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்விலும், கொழுப்பைக் குறைத்ததில் நடை, ஓட்டம் போன்ற பயிற்சிதான் முந்தியது. எடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் தசை கூடியது, கொழுப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆகவே இளைப்பதற்கென்று மட்டும் இரும்பைத் தொடுகிறவர் ஆறே மாதத்தில் ஏமாந்து திரும்பிவிடுவார். இந்தப் பயிற்சிக்குப் பெரிய கெடுதல் செய்வது அந்தப் பொய் வாக்குறுதிதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அதன் உண்மையான கொடை வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த நூறு பெண்களைக் கொண்டு நடத்திய ‘லிஃப்ட்மோர்’ ஆய்வு 2018-இல் வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம். தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் எல்லாமே கனமான எடையோடு. இப்படித் தூக்கியவர்களின் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது; வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அதற்கும் முன்னால், 1990-இல், அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறை ஒட்டிய வயதினர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாடரோன். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் ஏறியது. தொண்ணூறு வயதில்! “இந்த வயசுக்கு மேலயா?” என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

வெறும் பார் மட்டுமே 20 கிலோ. முதல் நாள் அதைத் தரையிலிருந்து எடுத்தபோது உள்ளங்கையில் அதன் சொரசொரப்பு பதிந்தது. வீட்டுக்கு வந்தும் விரல்களை மடக்க முடியவில்லை. எட்டு மாதத்தில் 60 கிலோ வந்தது. நிறைந்த சமையல் சிலிண்டர் இரண்டின் கனம். உடம்பின் எடை அந்த எட்டு மாதத்தில் இரண்டே கிலோதான் குறைந்தது. ஆனால் என்னால் எவ்வளவு தூக்க முடிகிறது என்று முதன்முறையாகக் கூட்டிக் கணக்குப் பார்த்தேன். அதுவரை செய்ததெல்லாம் கழித்தல்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான் முதலில் சேர்ந்த ஜிம்மில் மாஸ்டர் போனைப் பார்த்துக்கொண்டே பத்துக் கிலோ பிளேட் இரண்டைக் கூடுதலாக மாட்டிவிட்டார். முதுகு வளைந்தபடியே இழுத்தேன். பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ஆஸ்திரேலியப் பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் பக்கத்தில் தேர்ந்த பயிற்சியாளர் நின்றார். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது ஆபத்து. மூச்சை அடக்கி இழுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும் என்பதால், பி.பி. உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சாப்பாடு இன்னொரு சிக்கல். தசை சேர உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பார்கள். அறுபது கிலோ பெண்ணுக்குத் தொண்ணூறு கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். இட்லி, சாம்பார், ரசம், தயிர் என்று ஓடும் சைவ வீட்டில் இதை எட்ட, சுண்டலும் பயறும் பனீரும் தினமும் யாராவது மெனக்கெட்டுச் செய்ய வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் பயிற்சிக்குப் போகிற அதே பெண்தான்.

நடையை அடியோடு விட்டதும் என் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 நிமிடமாவது மிதமான நடை போன்ற உழைப்பையும் கேட்கிறது, இரண்டு நாள் தசைப்பயிற்சியையும் கேட்கிறது. இதயத்துக்கு நடை செய்வதை டெட்லிஃப்ட் செய்யாது. இப்போது நான்கு சுற்றாவது நடக்கிறேன்.

நம்மூரிலும் கனம் தூக்கும் மரபு உண்டு. இளவட்டக்கல் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தோம். அதன் பெயரிலேயே வயது இருக்கிறது. பொங்கல் போட்டிகளில் நெல்லைப் பக்கம் இப்போது பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இன்னும் யாரும் ஒரு கல்லை நகர்த்தி வைக்கவில்லை.

என் அம்மாவுக்கு எழுபத்தொன்று. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கினோம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. பிறகு மடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். போன வாரம் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தார். கீழே வைத்துவிட்டு, “இதுல எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கு? காலியாகிட்டா தண்ணி ரொப்பி வைம்மா” என்றார்.