ஒரே குறியில் ஒரு கட்சி முழுவதும்

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், வாக்குச்சீட்டின் தலைப்பில் உள்ள கட்சிப் பெயருக்கு நேரே ஒரு குறி இட்டால், ஆளுநர் முதல் கவுண்டி அதிகாரி வரை அக்கட்சியின் சார்பில் நிற்கும் அனைவருக்கும் வாக்கு விழுந்துவிடும். ஒட்டுமொத்தக் கட்சி வாக்கு எனத்தக்க இம்முறை, கட்சிகளே சீட்டை அச்சிட்டு வழங்கிய பழைய வழக்கம் ஒழிந்து அரசு அச்சிட்ட சீட்டு பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேரூன்றியது. மிச்சிகன் 1891இல் இதனை ஏற்றது. ஜார்ஜியா 1994இல் கைவிட்டது முதல் மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகியதால், இன்று ஆறு மாநிலங்களே இதனைப் பேணுகின்றன.

இதனை நீக்குவோரின் வாதம் சீட்டின் அடிப்பகுதியில்தான் வலிமை பெறுகிறது. உள்ளூர்ப் பதவிக்கு நிற்பவரின் தகுதியை யாரும் எடைபோடாமலேயே தேசிய அலை அவரை ஏற்றவோ கவிழ்க்கவோ செய்கிறது. சுயேச்சைகளுக்கோ இந்த ஒற்றைக் குறியால் பயனே இல்லை. குறி இட்டதும் கடமை முடிந்ததென எண்ணி, கட்சி சாராத நீதிபதித் தேர்தல்களை விட்டுச் செல்வோரும் உளர். வட கரோலினாவில் அக்குறி குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பொருந்தாதிருந்ததால், அதனை உணராதோர் தலைமைப் பதவிக்கே வாக்களிக்காமல் போயினர்.

ஆயினும், குறியை நீக்கினால் வாக்காளர் வேட்பாளரை ஆராய்வார் என்பது எளிதில் நம்பத்தக்கதன்று. பெயருக்கு அருகே கட்சியின் பெயர் இருக்கும்வரை அதையே பார்த்துக் கட்டம் கட்டமாக நிரப்ப முடியும். டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் அக்குறி இருந்த 2018இல் குடியரசுக் கட்சி நீதிபதிகள் பலர் ஒருசேரத் தோற்றனர். அக்குறி இல்லாத 2020இலும் அங்கு நீதிபதிப் பதவிகளைப் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியே வென்றது. உறுதியாக மாறுவது, நீண்ட சீட்டை நிரப்பும் நேரமே. அதனால் வரிசை நீண்டு, கறுப்பின வாக்காளர் மீது சுமை கூடுதலாக விழும் என்று கருதிய கூட்டாட்சி நீதிபதி ஒருவர், மிச்சிகனின் நீக்கச் சட்டத்தை 2016இல் தடுத்தார். மக்கள் 1964இலும் 2002இலும் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்த அந்த நீக்கம், இம்முறை நிதி ஒதுக்கீட்டுடன் பிணைக்கப்பட்டிருந்தது. நிதிச் சட்டங்களை அங்கே பொதுவாக்கெடுப்புக்கு உட்படுத்த இயலாது என்பதால் இப்பிணைப்பைத் தற்செயல் எனல் அரிது. வாக்காளர் சிந்திக்க வேண்டும் என்போர் அவ்வாக்காளரின் தீர்ப்புக்கே அஞ்சியது விந்தையே; 2018இல் மக்கள் ஒரே குறியில் வாக்களிக்கும் உரிமையை மாநில அரசமைப்பிலேயே எழுதிக்கொண்டனர்.

ஆகவே நீக்கத்தின் தகுதியை, அது கோரும் கூடுதல் நேரத்தை வாக்காளருக்கு யார் தருகிறார் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். பென்சில்வேனியா 2019இல் இக்குறியை நீக்கிய அதே சட்டத்தில், காரணம் கூறாமலேயே அஞ்சலில் வாக்களிக்கும் உரிமையையும் அளித்ததால், வீட்டில் அமர்ந்து ஒவ்வொரு பெயரையும் விசாரித்தறிய வழி பிறந்தது. டெக்சாஸ் 2017இல் இயற்றி 2020இல் நடைமுறைப்படுத்திய சட்டத்திலோ அத்தகைய ஈடு இல்லை. அஞ்சல் வாக்கு அங்கே 65 வயது நிறைந்தோர், உடல்நலம் குன்றியோர் போன்ற சிலருக்கே உரியதாக இருக்க, நீதிபதிப் பதவிகள் நிரம்பிய நீண்ட சீட்டை ஏனையோர் வாக்குச்சாவடியில் நின்றே நிரப்ப வேண்டியதாயிற்று.