படகும் உரிப்பொருளும்

நிலக்காட்சி ஓவியத்தைக் கண்டதும் ‘அழகு’ எனக் கூறி அமைதல் மாணவர் இயல்பு. அழகு திறனாய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று. காட்சியின் பொருள் காணும் நெறி நம் தொல்காப்பியத்திலேயே உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிரும் தொழிலும் கருப்பொருள். அவற்றின் வழிப் புலப்படும் மனவொழுக்கம் உரிப்பொருள். இந்நெறியால் லிம் செங் ஹோவின் (1912–1979) சிங்கப்பூர் ஆற்று ஓவியங்களை நோக்குவோம்.

அலுவலகப் பணியினிடையே விடுமுறை நாள்களில் நீர்வண்ணம் தீட்டியவர் இவர். தேசியக் கலைக்கூடம் 2018ஆம் ஆண்டில் இவர்க்கெனத் தனிக் கண்காட்சி அமைத்தது. நீர்வண்ணத்தில் ஒளி என்பது பெரிதும் தீண்டாது விடப்பட்ட தாளின் வெண்மையே. ஆறு கடலொடு கூடும் கழிமுகமாதலின் இந்நிலத்தை நெய்தல் எனக் கொள்ளலாம். நெருங்கி நிற்கும் சரக்குப் படகுகளும் கரையோரக் கடைவீடுகளும் கருப்பொருள்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அஃது இங்கு உண்டா? இன்று காண்போர் ‘உண்டு’ என்பர். 1977இல் தொடங்கி 1987இல் நிறைவுற்ற ஆற்றுத் தூய்மைப் பணியில், 1983ஆம் ஆண்டு அப்படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. ஆயின் ஓவியர் அதற்கு முன்பே மறைந்தார். அவர் கண்டது தொழில் நிகழும் ஆறு. பிரிவுற்ற ஆறு அன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாற்றில் சரக்குத் தோணி செலுத்தியோருள் பெரும்பாலோர் தென்னிந்தியர். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறிற்று. தமிழராகிய நாம் அவரையும் நினைந்து இரங்குகிறோம். அவ்விரக்கமும் தாளில் இல்லை; நம் நெஞ்சில் உள்ளது.

இவ்வேறுபாட்டைப் பிடோக் மாணவர் சிறப்பாக உணர்தல் வேண்டும். 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரைத் திட்டத்தில் பிடோக் குன்றுகளின் மண்ணும் வெட்டப்பட்டுக் கடல் தூர்க்கப்பட்டது. அலை தவழ்ந்த கரை இன்று உள்நிலம். அந்நிலத்தருகே வளர்வோர்க்கு ஓவியத்துப் படகைக் கண்டவுடன் ‘இழந்த காலம்’ என எழுதுதல் எளிது. எளிதில் வருவதனாலேயே அதனை ஐயுறல் தகும்.

ஆசிரியர் வினவ வேண்டியது ஒன்றே: “நீ கூறும் பொருள் எக்கோட்டில், எவ்வண்ணத்தில் உள்ளது?” சுட்டிக்காட்ட இயலுமாயின் அது ஓவியத்தின் பொருள், இயலாதாயின் அது காண்போன் பொருள். பின்னது இழிந்ததன்று, வரலாறு அறிந்த நெஞ்சிலேயே அது பிறக்கும். ஆனால் அதனை ஓவியர்மேல் ஏற்றிக் கூறாது, தன் கூற்றாகவே எழுதுதல் திறனாய்வாளர் கடன்.